மிதந்த முட்டை

ஏப்ரல் 4

குளத்தில் பனிக்கட்டி கரைந்துவிட்டது. காட்டு வாத்துகள் வந்து இறங்கிவிட்டன, போன வருடத்தைவிட அதிகமாக. பல் மருத்துவமனை வாசலிலிருந்து காப்பீட்டு அலுவலகம் வரை நடைபாதை முழுக்கப் பச்சை எச்சம். காலை முழுவதும் கழுவினேன். மதியம் மறுபடி அதே கோலம்.

டார்லீன் கூப்பிட்டு அனுப்பினாள். போன இலையுதிர் காலத்தில் ஒரு கிழவி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதிலிருந்து அவளுக்கு வாத்து என்றாலே ஆகாது. வளாகத்துக்கு மேலாளர் அவள். பழி அவள் தலையில்தானே விழும்.

"ஜூன்ல இறகு உதிர்ந்து பறக்க முடியாம நிக்கும்ல, அப்போ வண்டி வரச் சொல்லப் போறேன் ஆல்டன். மொத்தமா அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க."

எங்கே என்று நான் கேட்கவில்லை; அப்படி அள்ளிக்கொண்டு போனவை உயிரோடு திரும்புவதில்லை.

"முட்டையில எண்ணெய் தடவிப் பார்க்கலாமே..." இதைச் சொன்னது நான்தானா? இந்தப் பராமரிப்பு வேலைக்கு வருமுன் பள்ளியில் வேதியியல் நடத்திய காலத்தில், ஆசிரியர் கூட்டத்தில்கூட வாய் திறந்ததில்லை.

என்னையே பார்த்தாள். "ஜூன் பத்து வரைக்கும் டைம். அன்னைக்குக் குளத்துல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் வண்டிதான்."

ஏப்ரல் 11

எண்ணெய் தடவ வனவிலங்குத் துறையின் அனுமதி வந்துவிட்டது. அவர்கள் தந்த பயிற்சியில் சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். சோள எண்ணெய் தடவிய முட்டைக்குள் காற்று போகாது, கரு வளராது. முட்டையை எடுத்துவிட்டால் பெட்டை திரும்ப இடும். விட்டுவைத்தால் ஏமாந்து அடைகாக்கும். குஞ்சில்லாத வாத்துகள் இறகு உதிர்க்க வடக்கே போய்விடும். குஞ்சுள்ளவை போகாது.

முதலில் முட்டையை வாளித் தண்ணீரில் போட வேண்டும். மூழ்கினால் தடவலாம். மிதந்தால் உள்ளே குஞ்சு உருவாகிவிட்டது என்று பொருள்; அதைத் தொடக் கூடாது.

படிக்கும்போது எல்லாம் எளிதாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 24

புல் வெட்டும் ருடி துணைக்கு வந்தான். ஆண் வாத்தைத் தடுக்க ஒரு பெரிய குடை. கரையோரக் கூடுகள் எல்லாம் முடிந்தன. எல்லா முட்டைகளும் மூழ்கின; தடவிவிட்டோம்.

கடைசிக் கூடு கார் நிறுத்துமிடத்துப் புதருக்குள். அந்த ஆண் வாத்து கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வந்தது. ருடி குடையோடு பின்னால் நகர்ந்துகொண்டே கத்தினான்: "யோவ் வாத்தியாரே, சீக்கிரம்யா! இவன் என் பேன்ட்டை உருவாம விட மாட்டான்! இது என்ன பரீட்சை ஹாலா, நின்னு யோசிக்கிறதுக்கு?"

ஒரு முட்டையை வாளியில் விட்டேன். வாத்தின் இறக்கை என் முழங்கையில் அடித்தது.

"மிதக்குது" என்றேன். திரும்ப வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டோம்.

"மிதந்துச்சா? நான் பார்க்கலையே" என்றான் ருடி, மூச்சு வாங்க.

ஏப்ரல் 25

மிதந்ததா?

தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு முட்டையைத்தான் பார்த்தேன், அதுவும் ஒரு கணம். மாணவன் யாராவது இப்படி ஒரு சோதனையைச் செய்திருந்தால் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பேன்.

நாளை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 26

மழை. போகவில்லை. மழை இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

மே 14

புதரிலிருந்து ஐந்து குஞ்சுகள் வெளியே வந்தன. மஞ்சள் பஞ்சு உருண்டைகள். மருத்துவமனைப் பெண்கள் சன்னலில் கூடி நின்றார்கள்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அடைகாப்பது நான்கு வாரம். அப்படியானால் நாங்கள் போன அன்று முட்டைக்கு ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். அந்த வயது முட்டை மிதக்காது. மிதக்கவே மிதக்காது.

நான் பார்த்துச் சொல்லவில்லை. பயந்து சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தக் குடும்பம் குஞ்சுகளை விட்டுப் போகாது. வண்டி வரும். அன்றைக்கு எண்ணெய் தடவியிருந்தால் பெரியவை இரண்டும் பிழைத்துப் போயிருக்குமே — கடவுளே, என்ன வேலை செய்து வெச்சிருக்கேன்.

மே 25

கரையோரப் பெட்டைகள் நாள் கடந்தும் உட்கார்ந்திருக்கின்றன. இனித் திரும்ப இடும் பருவம் இல்லை என்பதால், விதிப்படி இன்று முட்டைகளை எடுத்தோம். ஒருத்தி எழுந்து, வெறும் கூட்டை அலகால் ஒருமுறை கிளறிவிட்டு மறுபடி அதிலேயே உட்கார்ந்தாள்.

ஜூன் 2

விடியலில் மற்ற வாத்துகள் எல்லாம் கூட்டமாக எழும்பி வடக்கே போயின. குளம் வெறிச்சோடிவிட்டது. புதர்க் குடும்பம் மட்டும் தண்ணீரில்.

ஜூன் 9

நாளை கெடு. ருடி சொல்கிறான்: "மிதந்துச்சுன்னே சொல்லு வாத்தியாரே. விதி அதுதான்னு சொன்னா அவளால என்ன பேச முடியும்? நானும் பார்த்தேன்னு சொல்றேன்."

நல்ல மனசு. ஆனால் அது மிதக்கவில்லையே.

ஜூன் 10

டார்லீன் அறை வாசலில் இரண்டு முறை வந்து திரும்பினேன். மூன்றாவது முறை அவளே கதவைத் திறந்தாள்.

"முட்டை மிதக்கல. வாத்து அடிச்சதுல பயந்துபோய் மிதக்குதுன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது. அதுங்களை விட்டுடுங்க." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ருடி சொன்னபடி விதியைக் காரணம் காட்டவில்லை.

"ஒண்ணு இருந்தாலும்னு சொன்னேன்" என்றாள்.

"ஆமா."

"ஏழு இருக்கு."

"ஆமா."

சன்னல் வழியே குளத்தைப் பார்த்தாள். "உங்களை அடிச்சதா? எங்கே?"

முழங்கையைக் காட்டினேன். எப்போதோ ஆறிப்போன இடம். அதற்குள் அவள் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் வந்துவிட்டேன்.

ஜூன் 11

வண்டி வரவில்லை. நாளைக்கா?

ஜூன் 15

காப்பி போட்டுக்கொண்டிருந்தேன், டார்லீன் கூப்பிட்டாள். "ஆல்டன், நாலுதான் தெரியுது. இன்னொண்ணு எங்கே? நரி கிரி வந்துச்சா?"

போனேன். கரையில் நெற்றியில் கை வைத்து நின்றிருந்தாள். ஐந்தாவது குஞ்சு நாணல் மறைவில் தூங்கிக்கொண்டிருந்தது. காட்டினேன். "இங்கேதான் இருக்கா கழுதை" என்றாள்.

"எப்போ பறக்கும் இதுங்க?"

"ஜூலை கடைசியில."

தலையாட்டினாள்.

"அது வரைக்கும் இந்தப் பக்கம் புல் வெட்ட வர வேண்டாம்னு ருடிகிட்டச் சொல்லிடறேன்" என்றேன்.

"அதை நான் போன வாரமே சொல்லிட்டேன்" என்றாள்.