பீரோவில் இல்லாத ஹார்டு டிஸ்க்

மதிப்பிற்குரிய கணவர் இசக்கியப்பன் அவர்களுக்கு,

தாங்கள் இரவு ஷிஃப்ட் முடித்து வரும்போது நான் வேலைக்குச் சென்றிருப்பேன். சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில் உள்ளன.

மடிக்கணினியில் பழுதான டிஸ்கை மாற்றுவதற்குப் படப்பையிலிருந்து பிரவீன் மாலை நான்கு மணிக்கு வருவார். புதியதைப் பொருத்தியபின், நாம் நகல் எடுத்து வைத்த ஹார்டு டிஸ்கிலிருந்து அனைத்தையும் மீட்டுத் தருவார்.

"பேக்கப்பு பீரோவுல பத்திரமா இருக்குல்லா, எதுக்குட்டி பதறுத?" என்றீர்கள். பீரோவில் அது இல்லை. தங்கள் சட்டையைத் துவைக்கும்போது பையில் ஒரு டோக்கன் கிடைத்தது. 'ஹார்டு டிஸ்க் ஒன்று, மெயின் கேட்டில் வாங்கி வைக்கப்பட்டது' என்று எழுதியிருந்ததை நானே வாசித்தேன். தங்களுடன் வேலை செய்யும் அருள்பாண்டிக்குச் சினிமாப் படம் கொடுப்பதற்காகவா அதைக் கம்பெனிக்குக் கொண்டு சென்றீர்கள்? நான் எழுதப்போகும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்காகத் தட்டச்சு செய்த நாற்பது பாடங்களும் அதில்தான் உள்ளன. தேர்வுக்கு ஒன்பது நாள்களே உள்ளன.

ஆகவே, உறங்குவதற்கு முன் மீண்டும் வல்லம் வடகால் கம்பெனிக்குச் சென்று அதைப் பெற்று வரவும். டோக்கன் சோற்றுப் பானையின் மூடிமேல் உள்ளது.

இப்படிக்கு,
செல்லக்கனி

பின்குறிப்பு: வெளியே செல்லும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ஜோதி அக்காவிடம் கொடுக்கவும்.

மற்றொன்று: பாடங்களுக்கு நடுவே தங்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றும் உள்ளது. இந்தக் கோபம் வருவதற்கு முன் எழுதியது. டிஸ்க் வீடு வந்து சேர்ந்தால் வாசிக்கலாம்.