சாப்பாட்டு மண்டபத்துச் சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் சுகம்.

ஓட்டலின் சாப்பாட்டு மண்டபச் சுவரில் இந்தத் தீவின் படகுக்காரர்களை வரைந்தேன். துணி துவைக்கும் அக்கா படத்தில் தன் புருஷனைப் பார்த்துவிட்டு, "அச்சு அசல் அவரேதான்!" என்று பூரித்துப்போனார். மறுநாள் மேலாளர், "சாப்பிட வர்றவங்க இந்த மூஞ்சிங்களையா பார்க்கணும்? கடல் படம் போடும்மா" என்றார். சன்னலைத் திறந்தாலே கடல்தான், அப்பா. ஆனால் இந்தத் துளியூண்டு தீவில் இருப்பது ஒரே ஓட்டல். முறைத்துக்கொண்டு எங்கே போவது? என் கையாலேயே நீலம் பூசி எல்லோரையும் அழித்தேன். மேலாளருக்குப் பரம திருப்தி. எல்லா அறைகளுக்கும் அதே கடலைக் கேட்கிறார். அக்காதான் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. மற்றபடி ஒரு குறையுமில்லை.

உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள். வரைவதற்கு ஒரு முகம் வேண்டும்.

தபால் படகு கிளம்பப்போகிறது.

உங்கள் மகள்