குழாயில் வந்த கஞ்சி

சக்குபள்ளம்,
9-8-1974

அம்மாவுக்கு நல்லமுத்து கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்க மூட்டுவலி தேவலையா?

போன வாரம் மழையில ஏலக்காய் ஸ்டோர் சுவர் சரிஞ்சு உள்ளே மாட்டிக்கிட்டேன். காயமில்லை, பயப்படாதீங்க. வெளியே எடுக்க ஒண்ணரை நாள் ஆச்சு. விரல் நுழையிற சந்துதான் இருந்துச்சு. அது வழியா இங்க ஆஸ்பத்திரி கம்பவுண்டரோட ரப்பர் குழாயை விட்டுக் கஞ்சி அனுப்பினாங்க. கெட்டிக் கஞ்சி, பாதியிலேயே நின்னுபோச்சு. இங்க என் பக்கத்து வீட்டு வேலுத்தாய் அக்கா வெந்நீர் கலந்து, பானையைத் தலைக்குமேல தூக்கிப் பிடிச்சாங்க.

"விடாம உறிஞ்சு தம்பி, நான் பானையை இறக்க மாட்டேன்"னாங்க. மெதுவா வாய்க்கு வந்துச்சு.

தை வரைக்கும் லீவு கிடையாதாம். இப்போ கதவைச் சாத்திட்டுப் படுக்க முடியலை, திறந்து வெச்சா குளிருது. பெரியமுத்து மாமாகிட்ட ஒரு கம்பளி கொடுத்துவிடுங்க.

தபால் ஜீப் கிளம்புது.

உங்கள் மகன்
நல்லமுத்து