யேமியே என்று போடச் சொன்னீர்கள்

அண்ணே,

இன்று பபேடான் கடைத்தெருவில் சமோசா வாங்கினேன். கடைக்காரர் மடித்துக் கொடுத்த தாளில் ஒரு கங்காருவின் காலடித் தடம். எண்ணெய் ஊறிய அந்தத் தடத்துக்குக் கீழே என்னுடைய பர்மிய மொழிபெயர்ப்பு. நம் பயிற்சி நிலையத்துக் கையேடுதான். எடைக்குப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தப் புத்தகத்தால் இந்த ஊருக்குக் கிடைத்த ஒரே பயன் இதுதான் என்று நினைத்துக்கொண்டே சமோசாவைத் தின்றேன்.

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் தங்கள் முன்னோரின் இடங்களையும் நிலத்தையும் தாங்களே பராமரிப்பதற்கான தொழிற்பயிற்சி அது. அங்கே, அவர்கள் கையில், அதற்கு அர்த்தம் உண்டு. நம் ஒருங்கிணைப்பாளர் அதை அப்படியே வாங்கிவந்து, அட்டையை மட்டும் மாற்றி, யாங்கோனில் ஏசி அறையில் கடை விரித்தார். இங்கே யார் கங்காருத் தடம் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த மகாபுத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. கழுத்தில் டையை அவ்வளவு இறுக்கிக் கட்டினால் மேலே ரத்தம் எப்படிப் போகும்? நான் அங்கே மொழிபெயர்ப்பாளர், எழுத்தர் எல்லாம். நீங்கள் வேன் ஓட்டுநர். வகுப்பு முடியும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அங்கிருந்த யாரையும்விடக் கவனமாகப் பாடம் கேட்டீர்கள்.

முதல் பாடத்தில் நான் செய்த கூத்து நினைவிருக்கிறதா? அந்த மக்கள் 'நாடு' என்று சொல்வது அவர்களை வளர்த்த நிலம், நீர், முன்னோர் எல்லாம் சேர்ந்தது. நான் அகராதியைப் பார்த்து 'நைங்ஙன்' என்று போட்டுவிட்டேன். பர்மிய மொழியில் அது அரசாங்கம், எல்லை, கொடி. "நைங்ஙனைக் காப்போம்" என்று நான் கொட்டை எழுத்தில் அடித்த தாளைப் பார்த்து நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"தங்கச்சி, இத எடுத்துட்டுப் போயி மிங்கலாடோன் பட்டாளத்து வாசல்ல மாட்டு. சலாம் போடுவானுங்க."

"அப்ப என்ன போடுறதாம்?"

"யேமியேன்னு போடு. தண்ணியும் மண்ணும். வேற என்ன வேணும் மனுசனுக்கு?"

அதையே போட்டேன். ஒருங்கிணைப்பாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இது வயற்காட்டுப் பேச்சு, மேலிடத்துக்குப் போகிற புத்தகம்" என்று பழையபடி நைங்ஙனையே வைத்தார். அச்சாகி வந்தது அதுதான்.

அப்போதுதான் த்வாண்டேயில் அந்த வேலை வந்தது. கால்வாய்க்கரையில் குயவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சூளை போட்ட மேடுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காவலர். நம் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் போதும். நீங்கள் பிறந்தது அந்தக் கரையில். உங்கள் பூட்டனார் கப்பலேறி வந்து நெல் நட்டதும் அங்கேதான். அன்று நீங்கள் சட்டையை மாற்றிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றீர்கள்.

"நானும் படிக்கிறேனே தங்கச்சி. முப்பது வருசமா ஸ்டியரிங் புடிச்சாச்சு. சாகுறதுக்குள்ள அந்த மண்ணுல ஒரு வேலை பாத்துக்கிறேன்."

விண்ணப்பத்தில் 'லூமியோ' என்று ஒரு கட்டம். இனம். நீங்கள் தமிழர் என்று எழுதினீர்கள். தைங்யின்தாவுக்கு, அதாவது அரசாங்கம் மண்ணின் மக்கள் என்று ஒத்துக்கொண்ட இனத்தாருக்கு மட்டும்தான் இடம் என்றார் ஒருங்கிணைப்பாளர். நாலு தலைமுறையாக அந்தச் சேற்றிலேயே பிறந்து அந்தச் சேற்றிலேயே எரிந்தவர்கள் மண்ணின் மக்கள் இல்லையாம். சேறு பட்டால் டெட்டால் தேடுகிற அவருடைய மச்சான் மகன் மண்ணின் மைந்தனாம். வாய் கூசாமல் சொன்னார். தாளில் 'தகுதியில்லை' என்று எழுதச் சொன்னார்.

மறுவாரமே களப்பயிற்சிக்கு வகுப்பில் இருந்தவர்களை த்வாண்டேக்கு ஓட்டிப் போனீர்கள். மச்சான் மகன் வேனிலிருந்து குதித்ததும் மண்வெட்டியைச் சூளைமேட்டில் ஓங்கினான். நீங்கள் போய் அவன் கையைப் பிடித்தீர்கள். "கேக்காம வெட்டாத" என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, அந்த மேட்டுக்குரிய குயவர் வீட்டு வாசலில் போய் நின்று அந்த வீட்டு அம்மாவிடம் அனுமதி கேட்டீர்கள். அதன் பிறகு எந்த மேடு யார் வீட்டுச் சூளை, எந்த மரத்தடியில் நாட் தெய்வத்துக்குப் படையல், எங்கே மண்ணெடுத்தால் கரை சரியும் என்று வரிசையாகச் சொன்னீர்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அதை எழுதித் தேர்வில் தேறினார்கள். வேலை மச்சான் மகனுக்குப் போனது. திரும்பி வரும்போது வேன் ஓட்டியவர் நீங்கள்.

போன மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். நிலையத்திலிருந்து அவர்களில் ஒருவரும் மாலையோடு வரவில்லை.

இன்று சமோசாத் தாளோடு வீட்டுக்கு வந்தால் கைப்பேசியில் ஒருங்கிணைப்பாளரின் செய்தி. நிறைவு அறிக்கை வெளியிடுகிறார்களாம். த்வாண்டேயில் நீங்கள் செருப்பில்லாமல் நிற்கிற படம் அட்டைக்கு ரொம்ப அழகாக இருக்குமாம். 'தைங்யின்தா ஞானி' என்று கீழே போடப் போகிறார்களாம். பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அனுப்ப வேண்டுமாம். மண்ணாங்கட்டி! அவர்கள் விற்ற கையேட்டிலேயே இருக்கிறது: இறந்தவரின் பெயரையும் படத்தையும் அவர் வீட்டாரைக் கேட்காமல் வெளியில் காட்டக்கூடாது. ஒருவராவது அதைப் படித்திருந்தால்தானே. இந்த மடலில்கூட நான் உங்கள் பெயரை எழுதவில்லை.

பஸ் பிடித்து அண்ணியைப் பார்க்கப் போனேன். செய்தியைப் படித்துக் காட்டினேன். அண்ணி வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

"உசுரோட இருந்தப்ப ஆகாத மனுசன், செத்ததும் தைங்யின்தாவாயிட்டாரா? குடுக்காத. பேரையும் குடுக்காத, படத்தையும் குடுக்காத."

அங்கேயே உட்கார்ந்து, முடியாது என்று ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி அனுப்பினேன். அண்ணிக்கு மனசு நிறைந்துவிட்டது. சாப்பிடாமல் போகக்கூடாது என்று தட்டு வைத்தார். "அந்தக் கூட்டத்துலயே அவருக்குன்னு இருந்தது நீ ஒருத்திதான்" என்று சோற்றைப் போட்டார்.

உங்கள் விண்ணப்பத்தில் தகுதியில்லை என்று எழுதியது யார் கை என்று நீங்கள் அண்ணியிடம் சொல்லவே இல்லை, அண்ணே. நானும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.