ஃபோர்க்கில் நீங்கள் அடித்து வைத்த காற்று

அன்பு அத்தானுக்கு,

அங்கே சௌக்கியமா என்று கேட்பது அபத்தம்தான், ஆனால் கேட்காமல் எழுத வரவில்லை. இங்கே அக்காவும் நானும் சுகம். உங்கள் மலை சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை நேற்று என் கையால் பிரித்துப் போட்டேன். சிரிக்காதீர்கள். பல்ப் மாற்றவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற ஆள் என்று என்னைப் பற்றி அபார்ட்மென்ட் முழுக்கச் சொல்லி வைத்தவர் நீங்கள்தானே.

நீங்கள் போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. அன்றிலிருந்து சைக்கிள் உங்கள் பால்கனிச் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, மேலே ஒரு பழைய போர்வையுடன். ஆறு மாதமாக அக்கா சர்வீஸ் பண்ணிக் கொடு, நான் ஓட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாரத்துக்கு ஒரு சாக்கு சொன்னேன். ஃபோர்க்குக்கு ரப்பர் சீல் கிடைக்கவில்லை, எண்ணெய் ஸ்டாக் இல்லை, மாதாப்பூர் சைக்கிள் கடைக்காரர் ஊரில் இல்லை. எல்லாம் புளுகு. சீல் பாக்கெட் என் ஆபீஸ் டிராயரில்தான் கிடந்தது.

உங்களிடம் மட்டும் காரணத்தைச் சொல்லலாம். அந்த ஃபோர்க்கில் ஸ்பிரிங் கிடையாது, உள்ளே இருக்கும் காற்றுதான் மேடுபள்ளத்தைத் தாங்குகிறது. ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி அதை அடிக்க வேண்டும். கடைசியாக அடித்தது நீங்கள். கச்சிபௌலிக்கு அந்தப்பக்கப் பாறைக்காட்டுக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, லிஃப்ட் வாசலில் குந்தி உட்கார்ந்து, குட்டிப் பம்பால் மூச்சு வாங்க வாங்க அடித்தீர்கள். எண்பத்திரண்டு கிலோ என்று அக்காவிடம் சொல்லாதே மாப்ள என்று கெஞ்சினீர்கள். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போனவர் திரும்பி வரவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

ஃபோர்க்கைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் அந்தக் காற்றைத் திறந்துவிட வேண்டும். அங்கேதான் எனக்குக் கை வரவில்லை. உங்கள் கையால் அடித்தது, இன்னும் உள்ளே இருக்கிறது, அதைப் போய் எப்படி? மற்றவர்கள் சட்டையை வைத்துக்கொள்கிறார்கள், மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்தப் பைத்தியக்காரத்தனம்.

நேற்று சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அக்கா யாரையும் கேட்காமல் சைக்கிளைத் தானே இறக்கி, கீழ் ஃபிளாட்டில் இருந்த என்னைக் கூப்பிட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு ஆபீஸ் தோழிகளோடு பாறைக்காட்டுக்குப் போகிறாளாம். இனிமேல் சாக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம் என்று இந்த ஊர்ப் பேச்சில் சொல்லி, எண்ணெய் பிடிக்கத் தன் கேக் ட்ரேயையே கொண்டுவந்து வைத்தாள்.

வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதன் ஊசிமேல் விரலை வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். ஒன்றுமே வரவில்லை. சீல் தேய்ந்து எப்போதோ கசிந்து போயிருக்கிறது என்று நினைத்ததும் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது, அத்தான். இத்தனை நாள் வெறும் குழாயையா காவல் காத்தேன்?

அக்கா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அதுல ஒண்ணும் இருக்காதுடா. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு வந்த அன்னைக்கே நான் திறந்து விட்டுட்டேன். கன்னத்த கிட்ட வெச்சுக்கிட்டேன். ஜில்லுன்னு வந்துச்சு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபம்கூட வந்தது.

"நீ அந்தப் போர்வையத் தொடாம சுத்திச் சுத்தி வருவ. உங்கிட்ட எப்படிடா சொல்றது?"

நான் அவளுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தேன். அவள் எனக்கு வலிக்கக் கூடாது என்று மறைத்திருக்கிறாள். ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக இருந்துகொண்டு இப்படி ஒரு வருஷம் தனித்தனியாக அழுதிருக்கிறோம். இதைப் பார்த்திருந்தால் இரண்டு பேரையும் நன்றாகத் திட்டியிருப்பீர்கள், இல்லையா?

அதற்குப் பிறகு வேலை ஓடியது. அடி போல்ட்டைத் தளர்த்தி மரச்சுத்தியால் தட்டியதும் டிகாஷன் நிறத்தில் எண்ணெய் கொட்டியது. சீலுக்கு அடியில் செம்மண் சேறு. உள்குழாயில் ஒரு பக்கம் மெருகே போய்விட்டது. எனக்குப் பராமரிப்பைப் பற்றி அத்தனை லெக்சர் கொடுத்த மனிதர் இரண்டு மழைக்காலம் இதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது நேற்றுதான் தெரிந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

பழைய சீலை நெம்பி எடுத்துப் புதியதை உட்கார வைத்தேன். சிரிஞ்சில் அளந்து எண்ணெய் விட்டேன். அக்கா தன் எடைக்குத் தானே காற்று அடித்துக்கொண்டாள். கீழே பார்க்கிங்கில் அவள் ஏறி உட்கார்ந்தபோது நான் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "விடுடா" என்றாள். விட்டேன்.

இனி அக்காவிடம் எதையும் மறைக்க மாட்டேன், அத்தான். உங்களை நினைத்து அழ வேண்டுமென்றால் மாடியேறிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தே அழுவேன். இது சத்தியம்.

உங்கள் மச்சினன்,
அருள்