சங்கு ஊதாத கப்பல்

12 ஜனவரி 1994

ஸ்ரீரஞ்சனிக்கு ஹைகோர்ட்டில் முதல் கப்பல் வழக்கு. துறைமுக வாயிலில், வெளியே போன கப்பலும் உள்ளே வந்த கப்பலும் இடித்துக்கொண்டன. தப்பு யார் மேல் என்பதுதான் வழக்கு. வெளியே போன கப்பலுக்கு இவள் வக்கீல். அதன் கேப்டன் ஜவஹர், ஆறடி ஆள். இன்று ரசத்தில் ஆரம்பித்து மோர் சாதம் வரைக்கும் அவர் பேச்சுதான்.

21 ஜனவரி

பாங்கிலிருந்து வரும் வழியில், தெற்கு மாட வீதி ஓட்டலில் ஸ்ரீரஞ்சனியையும் ஜவஹரையும் பார்த்தேன். மூலை மேஜை. அவன் கையை இவள் பிடித்துக்கொண்டிருந்தாள் — என் பெண்டாட்டி! நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

22 ஜனவரி

அவளாகச் சொல்லவில்லை. நானா கேட்பேன்?

6 பிப்ரவரி

வயிறு எரிகிறது. அவன் போடுகிற மாதிரி ஒரு சென்ட் வாங்கிப் போட்டுக்கொண்டேன். “என்ன நாத்தம், மூட்டைப்பூச்சி மருந்தா?” என்கிறாள்.

17 பிப்ரவரி

நாளை எதிர்க்கப்பலின் கேப்டனை இவள் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். ஒத்திகையில் நான்தான் அந்தக் கேப்டன். சாப்பாட்டு மேஜை துறைமுகம். ஊறுகாய் ஜாடி என் கப்பல், நெய்க் கிண்ணம் அவளுடையது.

“எங்க கப்பல் திரும்பறதைப் பார்த்தேளா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டு ஏன் சங்கு ஊதலை?”

ஊறுகாய் ஜாடியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “அவாளுக்கே தெரியும்னு நெனச்சேன்” என்றேன்.

“பிரமாதம்! நாளைக்கு அந்த ஆளும் இதைத்தான் சொல்லப் போறான்.”

நெய்க் கிண்ணத்தைச் சந்தோஷமாக உள்ளே எடுத்துப் போனாள்.

2 செப்டம்பர்

தீர்ப்பு வந்துவிட்டது. பார்த்தும் சங்கு ஊதாத கப்பல் மேல் எழுபது சதவீதம் தப்பு. சொல்லாமல் திரும்பிய இவள் கட்சிக் கப்பல் மேல் முப்பது. ஜவஹர் இனிப்போடு வந்து போனார். கதவைச் சாத்தியதும் கேட்டேவிட்டேன்.

“ஜனவரியில ஓட்டல்ல அவன் கையைப் பிடிச்சிண்டிருந்தியே, அது என்னடி?”

முகம் சிவந்துபோனது அவளுக்கு. “லைசென்ஸ் போயிடும்னு தேம்பித் தேம்பி அழுதார். அதை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னார். பார்த்த மனுஷர் உள்ளே வந்திருக்கப்படாதோ? இத்தனை மாசமாவா மனசுல வெச்சிண்டிருந்தேள்?”

இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு விர்ரென்று உள்ளே போய்விட்டாள்.

3 செப்டம்பர்

காலையில் காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “உங்க மேல எழுபது. என் மேல முப்பது.”

முப்பது ரொம்பக் குறைச்சல். இருந்தாலும் அப்பீல் போகவில்லை.