மறந்த வரி

மாமா,

காலைப் பிரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டுவிடுவார்கள், தேயிலைக் கொழுந்தெடுக்கக் கிளம்பிவிட்டேன். கஞ்சி அடுப்போரம் மூடியிருக்கிறது. பேக்டரிக்குப் போகும்போது சாவியை மாடத்தில் வையுங்கள்.

நம் குருவம்மாளின் பாடப்புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். "நேத்துப் படிச்சதப் பாக்காமச் சொல்லும்மா, அப்பத்தான் அடுத்த பக்கம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த பிள்ளை. காய்ச்சலில் அவள் போன பிறகும் சாயங்காலம் தவறாமல் அப்படித்தான் வாசிக்கிறேன். "செத்த பிள்ளைகிட்டயா ஒப்பிக்கிற?" என்று நேற்றும் கத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அப்புறம் ஒரு வரி பாதியில் மறந்து நின்றேன். மீதியை யாரோ மெல்லச் சொன்னார்கள்.

அது நீங்கள் என்றால், இன்றைக்கு என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

சாந்தம்மாள்

நீங்கள் இல்லையென்றால், அதை என்னிடம் சொல்லவே வேண்டாம்.